கடைசி 14 அமினோ அமிலங்கள்

நம் 17ஆம் குரோமோசோமில் பிஆர்கேஏஆர்1ஏ என்றொரு மரபணு இருக்கிறது. அதில் பிழை வந்தால் இரண்டு நோய்களில் ஒன்று வரலாம். முதலாவது கார்னி கூட்டுநோய். உதட்டிலும் கண்ணோரத்திலும் கரும்புள்ளிகள் வரும், இதய அறைக்குள் மிக்சோமா கட்டிகள் வளரும், மேலிருந்து எந்த உத்தரவும் வராமலே அட்ரினல் சுரப்பி கார்ட்டிசால் ஹார்மோனைக் கொட்டும். இரண்டாவது அக்ரோடிஸ்ஆஸ்டோசிஸ். விரல்கள் குட்டையாக இருக்கும், உடல் வளராது, மூக்குத்தண்டு அமுங்கியிருக்கும். இவர்களில் பலருக்கு பாராதைராய்டு ஹார்மோன் ரத்தத்தில் தாராளமாக இருந்தும் சிறுநீரகம் அதைக் காதில் போட்டுக்கொள்ளாது. முன்னதில் யாரும் கூப்பிடாமலே செல் ஓடி வருகிறது. பின்னதில் தொண்டை கிழியக் கத்தினாலும் எழுந்திருப்பதில்லை. மரபணு என்னவோ ஒன்றுதான்.

அந்த மரபணு செய்யும் புரதத்தின் பெயர் ஆர்-1 ஆல்பா. நீளம் 381 அமினோ அமிலங்கள். பிகேஏ என்று சுருக்கிச் சொல்லும் புரதக் கைனேஸ்-ஏ நொதியின் ஒழுங்குபடுத்தும் துணையலகு இது. பாடப்புத்தகங்களில் இதற்குக் கிடைப்பது ஒரே வரி: “ஆர் துணையலகு, சி துணையலகைத் தடுத்து வைத்திருக்கும், சைக்ளிக் ஏஎம்பி வந்தால் விட்டுவிடும்.” சி என்பது மற்ற புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டும் பாகம்; அப்படி ஒட்டும் நொதிகளுக்குத்தான் கைனேஸ் என்று பெயர். சைக்ளிக் ஏஎம்பி, ஹார்மோன் வந்ததும் செல்லுக்குள் உருவாகும் தூதுமூலக்கூறு. அந்த வரியில் தவறில்லை. ஆனால் அதை வைத்து மேலே சொன்ன இரண்டு நோய்களையும் விளக்க முடியாது. ஆய்வகத்தில் பிகேஏவோடு மல்லுக்கட்டி வரும் குழப்பமான முடிவுகளில் பெரும்பகுதியையும் விளக்க முடியாது. சி துணையலகையே நொதி என்றும், ஆர் என்பது வெறும் மூடி என்றும் நினைப்பதில்தான் கோளாறு தொடங்குகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் அமைப்பு. முழு நொதியில் இரண்டு ஆர், இரண்டு சி. ஆர் நான்கு வகைப்படும்: ஆர்-1 ஆல்பா, ஆர்-1 பீட்டா, ஆர்-2 ஆல்பா, ஆர்-2 பீட்டா. நான்குக்கும் தனித்தனி மரபணு. எந்த ஆரை எடுத்தாலும் பாகங்களின் வரிசை மாறாது. முன்முனையில் இரண்டு ஆர்களும் ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும் இணைப்புப் பகுதி. அடுத்து உருவம் நிலைக்காமல் தொங்கும் நீண்ட இழை. அதற்குப் பிறகு சைக்ளிக் ஏஎம்பி உட்காரும் இரண்டு குழிகள். முதலில் ஏ, கடைசியில் பி.

இழையின் நடுவில் இருக்கிறது தூண்டில். சி துணையலகு தன் இலக்குப் புரதங்களில் தேடுவது ஆர்ஜினின்-ஆர்ஜினின்-ஏதோ ஒன்று-செரின் என்ற வரிசையை. கிடைத்தால் அந்தச் செரினில் பாஸ்பேட்டை ஒட்டும். ஆர்-1 ஆல்பா நீட்டுவது ஆர்ஜினின்-ஆர்ஜினின்-கிளைசின்-அலனின். செரின் இருக்க வேண்டிய இடத்தில் அலனின். பாஸ்பேட்டை வாங்க அதில் ஹைட்ராக்சில் இல்லை. மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் சி அப்படியே நின்றுவிடுகிறது. ஆர்-2 வகைகளில் அதே இடத்தில் உண்மையான செரினே இருக்கிறது. சி அதில் பாஸ்பேட்டை ஒட்டிவிட்டும் விலகாமல் கிடக்கும். இரண்டு குடும்பங்களும் ஒரே வேலையை வேறு வேறு வழியில் செய்கின்றன. இதில் ஒரு நடைமுறை விளைவு உண்டு. ஆர்-1 முழு நொதி இறுக்கமாக நிற்க, பாஸ்பேட்டைத் தரும் மூலக்கூறான ஏடிபியும் மெக்னீசியமும் சியின் குழிக்குள் இருந்தே ஆக வேண்டும். அவை இருந்தால் பிடிப்பு ஒரு நானோமோலாருக்கும் கீழே (இந்த எண் சிறுத்தால் பிடி இறுக்கம் என்று பொருள்). இல்லாவிட்டால் நூறு நானோமோலார் அளவுக்குத் தளர்ந்துவிடும். ஆர்-2வுக்கு இந்த நிபந்தனை இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசலான பஃபர் பற்றிப் பேசும்போது திரும்ப வரும்.

இனி அந்த 14 அமினோ அமிலங்கள். முழு நொதியில் ஏ குழியின் வாசலை சி மறைத்துக்கொண்டிருக்கும். சைக்ளிக் ஏஎம்பி முதலில் நுழைய முடிவது பி குழிக்குள். அது நிரம்பியதும் புரதம் உருமாறி, ஏ குழி திறந்து, இரண்டாவது மூலக்கூறு உட்கார்ந்த பிறகே சியின் மீதுள்ள பிடி விடும். குழிக்குள் உட்கார்ந்த சைக்ளிக் ஏஎம்பி நழுவிப் போகாமல் மேலே மூடி போல ஓர் அமினோ அமிலம் கவிழ்ந்திருக்க வேண்டும். பி குழிக்கு அந்த மூடி, மனித ஆர்-1 ஆல்பாவின் 373ஆம் இடத்திலுள்ள டைரோசின்.

அக்ரோடிஸ்ஆஸ்டோசிஸ் உள்ள மூன்று பேரிடம் 2011இல் கண்டறியப்பட்ட பிழை, 368ஆம் ஆர்ஜினின் இருந்த இடத்தில், புரதம் கட்டுவதை அங்கேயே முடித்துவிடும் நிறுத்தக் குறி. 368 முதல் 381 வரை 14 அமினோ அமிலங்கள் போயின. அவற்றோடு 373ஆம் டைரோசினும் போனது. பி குழிக்கு மூடியில்லை. சைக்ளிக் ஏஎம்பி வந்தாலும் தங்குவதில்லை, ஏ குழி திறப்பதில்லை, சி விடுபடுவதில்லை. இந்த நிறுத்தக் குறி மரபணுவின் கடைசி எக்சானில் (புரதத்துக்கான குறிப்பு இருக்கும் கடைசித் துண்டில்) விழுந்திருப்பது முக்கியம். முன்பகுதியில் விழுந்திருந்தால் மரபணுவின் நகலான அந்தப் பிழையான எம்ஆர்என்ஏவைச் செல்லின் தரக்கட்டுப்பாடு கண்டுபிடித்து அழித்திருக்கும். கடைசி எக்சான் என்பதால் தப்பிவிடுகிறது. குறைப்புரதம் ஏராளமாக உருவாகி, சியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. நல்ல பிரதி ஒன்று பக்கத்தில் இருந்தும் பயனில்லை.

கார்னி கூட்டுநோயில் நடப்பது நேர் எதிர். அந்த நோய்க்கூட்டத்தை 1985இல் விவரித்தவர் ஜே. எய்டன் கார்னி. காரணம் இந்த மரபணு என்று தெரிந்தது 2000இல். அங்கே பெரும்பாலான பிழைகள் மரபணுவின் முன்பகுதியிலேயே நிறுத்தக் குறியைக் கொண்டுவந்து விடுபவை. எம்ஆர்என்ஏ அழிகிறது, புரதம் பாதியாகிறது, பிடித்து வைக்க ஆள் போதாமல் சி அவிழ்கிறது. ஆக, ஒரு நிறுத்தக் குறி எங்கே விழுகிறது என்பதை வைத்து ஒரே மரபணுவில் இரண்டு திசைகள். மரபணுச் சோதனை அறிக்கையில் “நிறுத்தக் குறிப் பிழை, ஆகவே செயலிழப்பு” என்று இயந்திரத்தனமாக எழுதிவிட முடியாத மரபணுக்களில் இது முன்வரிசையில் நிற்கிறது.

எண்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அமைப்பியல் கட்டுரைகளில் பெரும்பாலானவை மாட்டுப் புரதத்தை, முதல் மெத்தியோனினைக் கணக்கில் சேர்க்காமல் எண்ணுகின்றன. ஆகவே குழிகளின் பகுதியில் மனித எண்ணுக்கும் அவற்றுக்கும் 2 வித்தியாசம் வரும். மருத்துவர் சொல்லும் 368 அங்கே 366. அங்கே 371 என்று எழுதியிருக்கும் டைரோசின்தான் இங்கே 373. இது தெரியாமல் பிறழ்வு பிரைமரை (பிறழ்வை உண்டாக்கும் சிறு டிஎன்ஏ துண்டை) வடிவமைத்தால் பக்கத்து வீட்டு அமினோ அமிலத்தை மாற்றிவிட்டு, பிறழ்வால் ஒன்றும் ஆகவில்லை என்ற முடிவுக்கு வர நேரும். சி துணையலகிலும் இதே சிக்கல் உண்டு: 205, 206 என்று இரண்டு விதமாக எழுதப்படும் லியூசின் ஒன்றே.

பாதி ஆர் போனால் இவ்வளவு ஆகுமா என்று கேட்கலாம். ஆர் எவ்வளவு இருக்கிறது என்பதோடு எந்த ஆர் இருக்கிறது என்பதும் சேர்ந்தே செல்லின் உணர்திறனைத் தீர்மானிக்கிறது. இதை எலியில் அழகாகக் காட்டியது 1996இல் வெளிவந்த ஓர் ஆய்வு. கொழுப்புத் திசுவில் நிறைந்திருக்கும் ஆர்-2 பீட்டாவின் மரபணுவை நீக்கினார்கள். சி அனாதையாகவில்லை, ஆர்-1 ஆல்பா வந்து அந்த இடத்தை நிரப்பியது. தடுப்பு இருந்தது, தடுப்பின் அளவுதான் மாறிவிட்டது. ஆர்-1 ஆல்பா நொதி பாதி விழிக்கச் சோதனைக் குழாயில் 100 நானோமோலார் சைக்ளிக் ஏஎம்பி போதும். ஆர்-2 பீட்டாவுக்கு அதைப் போலப் பல மடங்கு வேண்டும். முன்பு அசையாமல் இருந்த அளவுக்கே இப்போது பழுப்புக் கொழுப்பு எரியத் தொடங்கியது. வெப்பம் உண்டாக்கும் யூசிபி1 புரதம் கூடியது, உடல் வெப்பம் கூடியது, எலி மெலிந்தது. ஹார்மோனையோ ஏற்பியையோ சியையோ யாரும் தொடவில்லை.

இன்னொரு நுணுக்கமும் இதில் இருக்கிறது. இப்படி ஈடுகட்டும்போது ஆர்-1 ஆல்பாவின் எம்ஆர்என்ஏ கூடுவதில்லை. சியோடு சேர்ந்திருக்கும் ஆர்-1 ஆல்பா நீண்ட நாள் வாழும், தனித்திருப்பது சீக்கிரம் சிதையும். ஆர்-2 இல்லாதபோது சி இதனோடு சேர்வதால் புரதம் நிலைக்கிறது. ஆகவே ஒரு துணையலகைக் குறைத்துவிட்டு மற்றவை மாறினவா என்று எம்ஆர்என்ஏவை அளக்கும் க்யூபிசிஆரில் மட்டும் பார்ப்பவர்கள் மாற்றமில்லை என்று எழுதிவிடுகிறார்கள். புரதத்தையே காட்டும் வெஸ்டர்ன் பிளாட் போட்டால்தான் தெரியும்.

ஆரின் அடுத்த வேலை முகவரி. முன்முனையிலுள்ள இணைப்புப் பகுதி இரண்டு ஆர்களை இணைப்பதோடு, ஏகேஏபி எனப்படும் நங்கூரப் புரதங்களின் சுருள் ஒன்றையும் தன் பள்ளத்தில் பிடித்துக்கொள்கிறது. இதயத்தசையில் ஆர்-2 இப்படித்தான் கால்சியக் கிடங்கின் சவ்வுக்குப் பக்கத்தில் நிறுத்தப்படுகிறது. அட்ரினலின் வந்ததும் அங்கிருக்கும் பாஸ்போலம்பான் புரதத்தின் 16ஆம் செரினில் பாஸ்பேட் ஒட்டப்படுகிறது, கால்சியப் பம்பு வேகம் பிடிக்கிறது, தசை சட்டென்று தளர்ந்து அடுத்த துடிப்புக்குத் தயாராகிறது. டி செல்லில் கதை வேறு. அங்கே ஆர்-1 நொதி ஏற்பியின் அருகே கூடி, சிஎஸ்கே என்ற கைனேஸின் 364ஆம் செரினைத் தொட்டு, டி செல்லைத் தூண்டும் எல்சிகே கைனேஸை அடக்கி, நோயெதிர்ப்பு வேகத்தைக் குறைக்கிறது. சி இரண்டு இடங்களிலும் ஒன்றே. எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வது ஆர்.

இனி ஆய்வக மேசைக்கு வருவோம். விரயமாகும் வாரங்களில் பெரும்பகுதி இங்கேதான் போகிறது.

ஆர்-1 ஆல்பாவை ஈ.கோலை பாக்டீரியாவில் எளிதாக உருவாக்கலாம். பிஎல்21 டிஇ3 செல்கள், உற்பத்தியைத் தொடக்கிவிட 0.5 மில்லிமோலார் ஐபிடிஜி, 18 டிகிரியில் ஓர் இரவு போதும். பலரும் மறப்பது, ஈ.கோலையே சைக்ளிக் ஏஎம்பி செய்யும் உயிர் என்பதை. குளுக்கோஸ் இல்லாத எல்பி ஊடகத்தில் அது நிறையவே செய்கிறது. ஆகவே வெளிவரும் ஆரின் இரண்டு குழிகளும் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். இந்தப் புரதத்தை அப்படியே பிணைப்புச் சோதனையில் போட்டால் எதுவும் ஒட்டாது. புரதம் மடங்கவில்லை என்று நினைத்து ஊடகத்தை மாற்றி, வெப்பத்தை மாற்றி, வெக்டரை மாற்றி அலைவார்கள். 260, 280 நானோமீட்டர்களில் ஒளி உறிஞ்சலின் விகிதத்தை முதலிலேயே பாருங்கள். சுத்தமான புரதத்துக்கு 0.6ஐ ஒட்டி இருக்க வேண்டியது தெளிவாக மேலே நின்றால் உள்ளே நியூக்ளியோடைடு, அதாவது சைக்ளிக் ஏஎம்பி இருக்கிறது. வெளியேற்ற 8 மோலார் யூரியாவில் புரதத்தைப் பிரித்து, சைக்ளிக் ஏஎம்பியை ஜெல் வடிகட்டலில் கழித்து, யூரியாவை டயாலிசிஸில் (சிறு மூலக்கூறுகளைச் சவ்வு வழியே வெளியேற்றும் முறையில்) படிப்படியாகக் குறைத்து மறுபடி மடங்க விட வேண்டும். ஆர்-1 ஆல்பா இதைத் தாங்கும். முழு நொதி செய்வதுதான் நோக்கம் என்றால் யூரியாவே தேவையில்லை. சியும் மெக்னீசியம் ஏடிபியும் சேர்ந்து டயாலிசிஸில் சைக்ளிக் ஏஎம்பியைத் தள்ளி வெளியேற்றிவிடும்.

சுத்திகரிப்புக்கு சைக்ளிக் ஏஎம்பி ஒட்டிய அகரோஸ் மணிகள் வசதி. பஃபர் 20 மில்லிமோலார் எம்இஎஸ் பிஎச் 6.5, 100 மில்லிமோலார் உப்பு, ஈடிடிஏ, ஈஜிடிஏ, டிடிடி தலா 5 மில்லிமோலார். ஆரை மணியிலிருந்து இறக்க சைக்ளிக் ஏஎம்பியையே ஊற்றினால் பிறகு அதை விரட்டும் தொல்லை வரும். அதனால் பலவீனமாக ஒட்டும் சைக்ளிக் ஜிஎம்பியை 25 மில்லிமோலாரில் ஊற்றுவது வழக்கம். அதுவும் மிச்சமின்றிப் போக வேண்டும். ஆயிரம் மடங்கு பஃபரில் ஒருமுறை டயாலிசிஸ் செய்தாலும் 25 மைக்ரோமோலார் மிஞ்சும், ஆர்-1 நொதியைத் தட்டியெழுப்ப அதுவே தாராளம். இரண்டாவது முறையும் செய்தால்தான் 25 நானோமோலாருக்கு இறங்கும். முன்னாலோ பின்னாலோ ஒரு ஜெல் வடிகட்டலும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெல்லில் ஆர்-1 ஆல்பா தன் உண்மையான 43 கிலோடால்டனில் ஓடாது, 48ஐ ஒட்டி நிற்கும். பயப்பட வேண்டாம். 35ஐ ஒட்டி ஒரு பட்டை தெரிந்தால் அது கவலைக்குரியது. அந்தத் தொங்கும் இழை, புரதத்தை வெட்டும் புரோட்டியேஸ்களுக்கு நல்ல தீனி. இழையில் வெட்டுப்பட்ட ஆர், சைக்ளிக் ஏஎம்பியை வழக்கம்போல் பிணைக்கும். ஆனால் இரட்டையாகாது, நங்கூரத்தில் ஒட்டாது. பிணைப்புச் சோதனையில் மட்டும் தரம் பார்ப்பவர்கள் இதைத் தவறவிடுவார்கள். செல்லை உடைக்கும் லைசிஸ் பஃபரில், புரோட்டியேஸை அடக்கும் பென்சமிடினும் பிஎம்எஸ்எஃப்பும் முதல் நிமிடத்திலிருந்தே இருக்க வேண்டும். டிடிடி போன்ற ஒடுக்கும் பொருள் இல்லாமல் ஜெல் ஓட்டினால் 100ஐ ஒட்டியும் பட்டை வரும். அது மாசு அல்ல. ஆர்-1இன் இரண்டு பிரதிகளையும் முன்முனையில் டைசல்பைடு பிணைப்புகள் தைத்து வைத்திருப்பதால் வருவது. ஆர்-2வில் அந்தத் தையல் கிடையாது.

முழு நொதி சேர்க்கும்போது ஆர் 1.1, சி 1 என்ற விகிதத்தில் கலந்து, 10 மில்லிமோலார் எம்ஓபிஎஸ் பிஎச் 7, 50 மில்லிமோலார் உப்பு, 1 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு, 0.1 மில்லிமோலார் ஏடிபி உள்ள பஃபரில் ஓர் இரவு டயாலிசிஸ். ஆர் சற்றுக் கூடுதலாக இருப்பது நல்லது. சி கூடினால் சைக்ளிக் ஏஎம்பி இல்லாமலே வேகம் தெரிந்து, நொதி கசிகிறது என்று தவறாக எழுத வேண்டிவரும். சுத்திகரிப்புப் பழக்கத்தில் இந்தப் பஃபரிலும், மெக்னீசியத்தைக் கவ்விக்கொள்ளும் ஈடிடிஏவைச் சேர்ப்பவர்கள் உண்டு. மெக்னீசியம் போனால் ஆர்-1 நொதி பிரிந்துபோகும் என்பதை மேலே பார்த்தோம்.

வேகம் அளக்க 1982இல் வெளியான இணைப்பு நொதி முறையே இன்றும் எனக்குப் பிடித்தது. சி ஒவ்வொரு முறை பாஸ்பேட் மாற்றும்போதும் ஓர் ஏடிபி, ஏடிபியின் இரண்டு பாஸ்பேட் வடிவமாகிறது. பைருவேட் கைனேஸ் அதைத் திரும்பவும் மூன்று பாஸ்பேட்டாக்கிப் பைருவேட்டை வெளியிட, லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் அந்தப் பைருவேட்டுக்கு ஒரு என்ஏடிஎச்சைச் செலவழிக்கிறது. 340 நானோமீட்டரில் உறிஞ்சல் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். கலவை: 100 மில்லிமோலார் எம்ஓபிஎஸ் பிஎச் 7, மெக்னீசியம் குளோரைடு 10, ஏடிபி 1, பாஸ்போஈனால்பைருவேட் 1, என்ஏடிஎச் 0.25 மில்லிமோலார், சி பாஸ்பேட்டை ஒட்டுவதற்கான சிறு பெப்டைடான கெம்ப்டைடு 200 மைக்ரோமோலார், இரண்டு இணைப்பு நொதிகளும் தாராளமாக.

முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கெம்ப்டைடில் சி ஒரு நொடிக்குச் சுமார் 20 முறை சுழலும். 20 நானோமோலார் சி என்றால் நொடிக்கு 0.4 மைக்ரோமோலார், நிமிடத்துக்கு 24. என்ஏடிஎச்சின் உறிஞ்சல் குணகம் 6,220 என்பதால் ஒரு சென்டிமீட்டர் குவெட்டில் நிமிடத்துக்கு 0.15 இறங்க வேண்டும். பாதிதான் இறங்குகிறது என்றால் சியில் பாதி செத்திருக்கலாம். அதற்கு முன் 96 குழித் தட்டில் அளக்கிறீர்களா என்று பாருங்கள், அங்கே ஒளிப்பாதை ஒரு சென்டிமீட்டர் கிடையாது. இணைப்பு நொதியை இரட்டிப்பாக்கினால் வேகம் கூடுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கூடினால் நீங்கள் அளந்துகொண்டிருந்தது பிகேஏவை அல்ல.

இங்கே மூன்று கண்ணிகள். கெம்ப்டைடு சேர்க்கும் முன்பே உறிஞ்சல் சர்ரென்று இறங்கும். பழைய ஏடிபியில் சிதைந்து கிடப்பது எரிவதால் வருவது அது. அது அடங்கிக் கோடு சமமாகும்வரை காத்திருந்து பிறகு தொடங்குங்கள். இரண்டாவது, பைருவேட் கைனேஸுக்குப் பொட்டாசியம் இல்லாமல் ஓடாது. எம்ஓபிஎஸ்சின் பிஎச்சை சோடியம் ஹைட்ராக்சைடால் சரிசெய்தவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு பயன்படுத்துங்கள். மூன்றாவது, இணைப்பு நொதிகள் அம்மோனியம் சல்பேட் கலங்கலாக விற்கப்படுவதுண்டு. அதை நிறைய ஊற்றினால் உப்பு ஏறி, ஆர்-1 நொதி சைக்ளிக் ஏஎம்பி இல்லாமலே அவிழும். கிளிசராலில் வருவதை வாங்குவது நிம்மதி.

சைக்ளிக் ஏஎம்பி வளைவு எடுக்கும்போது இன்னொரு சறுக்கல். 20 நானோமோலார் சியோடு சேர்ந்த ஆரில் 40 நானோமோலார் குழிகள் இருக்கின்றன. நீங்கள் ஊற்றியது 50 என்றால், அதில் கணிசமான பங்கு குழிகளுக்குள்ளேயே போய்விடும், கரைசலில் சுதந்திரமாக இருப்பது மிகக் குறைவு. வளைவு வலப்பக்கம் நகர்ந்து செங்குத்தாகத் தெரியும். வளைவின் செங்குத்தைச் சொல்லும் ஹில் எண் பெரிதாக வந்துவிட்டதே என்று மகிழ வேண்டாம். ஆர்-1 ஆல்பாவுக்கு அது வழக்கமாக 2க்குக் கீழேதான் இருக்கும். சியை 5 நானோமோலாருக்குக் குறைத்து மறுபடி எடுங்கள். நிமிடத்துக்கு 0.037 இறக்கம் நல்ல கருவியில் நன்றாகவே தெரியும்.

திசுவிலிருந்து அளப்பவர்களுக்கு உப்பின் தொல்லை வேறு வடிவில் வரும். ஆர்-1, ஆர்-2 நொதிகளுக்கு முதல் வகை, இரண்டாம் வகை என்று பெயர் வந்ததே, மின்னேற்றத்தை வைத்துப் புரதங்களைப் பிரிக்கும் டிஇஏஇ பத்தியிலிருந்து எது முதலில் இறங்குகிறது என்பதை வைத்துத்தான். முதல் வகை 0.1 மோலார் உப்புக்குள் இறங்கிவிடும், இரண்டாவதுக்கு அதற்கு மேல் வேண்டும். திசுவை அரைத்ததும் இரண்டாம் வகை வேகமாகத் திரும்பச் சேர்ந்துகொள்ளும் என்பதால், கொழுப்புத் திசுவில் 0.5 மோலார் உப்பு போட்டு அதைத் தடுக்க வேண்டும் என்று 1970களிலேயே கார்பின் குழுவினர் காட்டினார்கள். அதே பஃபரை முதல் வகை நிறைந்த திசுவுக்குப் போட்டால் உப்பே நொதியைப் பிரித்து, உண்மையில் தூங்கிக்கொண்டிருந்ததை விழித்திருப்பதாகக் காட்டும். இரண்டு திசுக்களையும் ஒரே பஃபரில் அரைத்து ஒப்பிடும் படங்களைக் கண்டால் நான் அடுத்த படத்துக்குப் போய்விடுவேன்.

செல் சோதனைகளில் என் முதல் புகார், சைக்ளிக் ஏஎம்பி உற்பத்தியைத் தூண்டும் ஃபோர்ஸ்கோலினும் அதன் சிதைவைத் தடுக்கும் ஐபிஎம்எக்ஸும் சேர்த்து ஊற்றும் பழக்கம். சைக்ளிக் ஏஎம்பி கூரையைத் தொடும் அளவுக்கு ஏறிவிட்டால் ஆர்-1க்கும் ஆர்-2 பீட்டாவுக்கும் உள்ள வித்தியாசம் காணாமல் போகும், எல்லாமே திறந்துவிடும். ஆர் வகைகளை ஒப்பிட வேண்டுமென்றால் அட்ரினலின் ஏற்பியைத் தூண்டும் ஐசோபுரோட்டெரினால் போன்ற ஒன்றை 1 நானோமோலாரிலிருந்து படிப்படியாக ஏற்றுங்கள். இரண்டாவது புகார், பிகேஏவைத் தடுக்கப் போடும் எச்-89. அது ஏடிபி குழியில் உட்காரும் மருந்து. ஆர்ஓசிகே, எம்எஸ்கே1, எஸ்6 கைனேஸ் ஆகிய வேறு கைனேஸ்களையும் அடக்கும். ஆரின் குழிகளில் போட்டியிடும் ஆர்பி-8-புரோமோ-சைக்ளிக் ஏஎம்பிஎஸ் முற்றிலும் வேறு வழியில் தடுக்கும். இரண்டும் ஒரே பதிலைச் சொன்னால் நம்பலாம். சைக்ளிக் ஏஎம்பியைக் கேட்கும் இன்னொரு புரதமான எபாக் 1998இல் வந்து சேர்ந்த பிறகு, 8-புரோமோ-சைக்ளிக் ஏஎம்பி வேலை செய்தது, ஆகவே பிகேஏ என்று எழுதுவதும் செல்லாது. மரபணுக்களை இயக்கும் சிஆர்இபி புரதத்தின் 133ஆம் செரினைப் பல கைனேஸ்கள் தொடும். அதை மட்டும் வைத்து பிகேஏவின் மேல் பழி போடக் கூடாது.

கார்னி நோயாளியின் செல்லில் ஆர்-1 ஆல்பா பாதியாகிவிட்டதா என்று பிளாட்டில் காட்ட நினைப்பவர்கள், ஒரே அளவு ஏற்றி இரண்டு பட்டைகளை ஒப்பிட்டால் போதாது. பட்டை நிறைந்துபோன பகுதியில் பாதிக்கும் முழுதுக்கும் வித்தியாசமே தெரியாது. ஒவ்வொரு மாதிரியையும் 5, 10, 20 மைக்ரோகிராம் என்று ஏற்றி நேர்கோட்டில் விழுகிறதா என்று பாருங்கள்.

2014இல் இதே கதையின் மறுபக்கம் வெளியானது. கார்ட்டிசால் சுரக்கும் அட்ரினல் கட்டிகள் பலவற்றில் சியின் 206ஆம் லியூசின் ஆர்ஜினினாக மாறியிருந்தது. ஆரின் தூண்டில் வந்து பொருந்தும் எண்ணெய்ப்பசையான பள்ளத்தில் இருப்பது அந்த லியூசின். அங்கே மின்னேற்றம் கொண்ட பெரிய ஆர்ஜினின் வந்து உட்கார்ந்தால் தூண்டில் பொருந்தாது. நோயாளிக்கு விளைவு ஒன்றுதான்: ஆர் குறைந்தாலும் சரி, ஆரைப் பிடிக்கும் இடம் கெட்டாலும் சரி, கார்ட்டிசால் மிகையால் வரும் குஷிங் சிண்ட்ரோம்.

அதே ஆண்டு இளவயதினருக்கு வரும் ஃபைப்ரோலாமெல்லார் கல்லீரல் புற்றில் டிஎன்ஏஜேபி1 மரபணுவின் தலையும் சியின் உடலும் ஒட்டிய புரதம் கண்டறியப்பட்டது. இங்கே ஆரோடு பிணைவது கெடவில்லை, சைக்ளிக் ஏஎம்பிக்கும் அடங்குகிறது. பிறகு ஏன் புற்று? ஒரு பதில் 2020இல் வந்தது. ஆர்-1 ஆல்பா செல்லுக்குள் எண்ணெய்த்துளி போலத் திரண்டு, சைக்ளிக் ஏஎம்பியைத் தன்னுள் உறிஞ்சி வைத்திருக்கிறது. அதனால்தான் ஓர் ஏற்பியின் பக்கத்தில் பிறக்கும் சைக்ளிக் ஏஎம்பி செல் முழுக்கப் பரவாமல் அங்கேயே நிற்கிறது. அந்த ஒட்டுப்புரதம் இருந்தால் துளிகள் திரள்வதில்லை, தேக்கி வைக்க இடமில்லை, சைக்ளிக் ஏஎம்பி எல்லைமீறிப் பாய்கிறது. தடுப்பு, அளவு, முகவரி ஆகியவற்றோடு தேக்கமும் ஆரின் வேலைகளில் சேர்ந்தது.

செல்லுக்குள் இருக்கும் இந்தத் துளிகளை அப்படியே சோதனைக் குழாய்க்குக் கொண்டுவர முடியாது. லைசிஸ் பஃபரை ஊற்றி நீர்த்த உடனே கலைந்துவிடும். உயிருள்ள செல்லில், ஒளிரும் ஆர்-1 ஆல்பாவைக் கொண்டுதான் பார்க்க வேண்டும். வணிக எலிசா கிட்டில் சைக்ளிக் ஏஎம்பி அளப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அவற்றில் பலவும் செல்லை 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைக்கச் சொல்கின்றன. அமிலத்தில் ஆர் உருக்குலைந்து, குழிக்குள் வைத்திருந்ததையெல்லாம் கொட்டிவிடும். தட்டில் தெரியும் எண், ஆர் பிடித்து வைத்திருந்ததும் சுதந்திரமாக அலைந்ததும் சேர்ந்த மொத்தம். ஆர் பாதியாகிவிட்ட செல்லில் அந்த மொத்தம் குறைந்து, சுதந்திரமாக அலைவது கூடியிருக்கவும் கூடும். அதைப் பிரித்துச் சொல்ல அந்தத் தட்டால் முடியாது.